பெருக்கல் குறியும் கண்வலிக்கிழங்கும்

செஞ்சியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருக்கிறார்: “குரோமோசோமைப் பாடப்புத்தகத்தில் பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கிறார்களே, செல்லுக்குள்ளும் அது அப்படித்தான் இருக்குமா?” பெரும்பாலான நேரம் இருக்காது. அந்த வடிவத்துக்கும், மழைக்காலத்தில் அவர் வட்டாரத்துப் புதர்களில் தொற்றி ஏறிப் பூக்கிற செங்காந்தளுக்கும் தொடர்பு உண்டு.

செல் பிரியுமுன் குரோமோசோம் தன்னைப் படியெடுத்துக்கொள்வது தெரிந்ததே. அந்த இரட்டையில் ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட். என் மாமாவின் செருப்புக்கடையில் ஜோடி மாறாதிருக்க இரண்டையும் நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார். விற்கும்போதுதான் கத்தரி வரும். இங்கே கட்டும் நூல் கொஹெசின் என்னும் புரதம், கத்தரி செப்பரேஸ். குரோமாட்டிட்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகள் இரு பக்கமிருந்தும் எல்லா ஜோடிகளையும் பிடித்த பிறகே கத்தரி வேலை செய்யும். ஒரு ஜோடி மீதியிருந்தாலும் செல் காத்திருக்கும்.

வழக்கமான பிரிவில் குரோமாட்டிட்கள் நெடுகிலும் ஒட்டியே கிடந்து, நேரம் வந்ததும் சட்டென விலகிவிடும். செல்லை அந்தக் காத்திருப்பிலேயே நெடுநேரம் நிறுத்திவைத்தால் குரோமோசோமின் கைகளில் உள்ள கட்டு அவிழ்ந்து, அதன் இடுப்பான சென்ட்ரோமியரில் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் பெருக்கல் குறி தெளிவாகத் தெரிகிறது. நிறுத்திவைப்பதற்கு ஆய்வகங்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய பொருள் கோல்ச்சிசின் என்ற நஞ்சு. டியூபுலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கதிர்கோல் இழைகளை உருவாகவிடாமல் செய்கிறது. ஆக, நாம் மனப்பாடம் செய்த படம் பெரும்பாலும் நஞ்சூட்டப்பட்ட செல்லின் படம்!

ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் 1938இல் வெங்காய வேரில் இதை விரிவாக ஆராய்ந்தார். குரோமாட்டிட்கள் கடைசியில் பிரிந்தாலும் இழுத்துப் போக இழை இல்லை. ஒரே செல்லுக்குள் தங்கிவிட, 16 குரோமோசோம் 32 ஆகிறது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் லெவானும் இதே நஞ்சின் துணையோடு எண்ணி, மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று 1956இல் அறிவித்தார்கள். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் 48 என்றே நம்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கோல்ச்சிசின் நம் கண்வலிக்கிழங்கில் இருக்கிறது. செங்காந்தளின் கிழங்குதான் அது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இச்செடியை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கவுட் என்ற மூட்டு நோய்க்கு அரை மில்லிகிராம் மாத்திரையாக வருவதும் இதே பொருள்தான். செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, கைவைத்தியத்துக்கு ஆகவே ஆகாது. மாநில மலர் என்று பட்டம் கொடுத்துவிட்டு, காட்டில் கிழங்கோடு பிடுங்குவதைக் கண்டுகொள்ளாமலிருக்கிறோம். பூவைப் பறித்தாலும் கொடி அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கிழங்கு போனால் எங்கிருந்து துளிர்க்கும்?

இன்னொரு வருத்தமும் உண்டு. செல் பிரிதலைக் கேள்வி பதிலாக ஒப்பிக்கவைக்கும் எத்தனையோ பள்ளிகளில் நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நஞ்சில்லாமலே பார்க்க வழியிருக்கிறது. டம்ளர் தண்ணீரின் மேல் ஒரு வெங்காயத்தை வையுங்கள். சில நாளில் வேர் விடும். நுனியை நறுக்கிச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கினால் போதும். ஆசிரியர்களே, இந்த வாரமாவது அந்தப் பீரோவைத் திறவுங்கள்.