ஏகாதசி வாணலியில் ஒரு நொதி

மராட்டியர்களிடம் ஒரு சொலவடை உண்டு: ‘ஏகாதசி, துப்பட் காஷி’. ஏகாதசி வந்தால் இரட்டிப்பாகச் சாப்பிடுவாய் என்று அர்த்தம். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ள அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புணேயில் சில வருடம் குடியிருந்தபோது நான் பார்த்த விரத நாட்களும் அப்படித்தான் இருந்தன. ‘இன்று உபவாஸ்’ என்று காலையில் அறிவித்துவிடுவார்கள். பத்து மணிக்கு ஜவ்வரிசிக் கிச்சடி. மத்தியானம் பகர் என்கிற சிறுதானியச் சோறு, வேர்க்கடலை அரைத்துவிட்ட ஆம்ட்டி என்கிற குழம்பு, கூடவே உருளைக்கிழங்கு. இத்தனையும் முடிந்தபின் சின்னத் தட்டில் நெய் மினுமினுக்க வட்ட வட்டமாக ஒன்று வரும். அதன் பெயர் ரதாள்யாச்சே காப்.

‘ரதாளே’ நம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ‘காப்’ என்றால் வில்லை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் சீனிக்கிழங்கு என்பார்கள், யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு. அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கித் தண்ணீரில் போட வேண்டும். அடி கனத்த வாணலியில் மூன்று கரண்டி நெய் விட்டு, வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, தட்டுப் போட்டு மூடி, அடுப்பைச் சிம்மில் வைக்க வேண்டும். ஒருமுறை திருப்பிப் போட்டு, நன்றாக வெந்தபின் 100 கிராம் வெல்லத்தூள், நாலு ஏலக்காய், கைப்பிடித் தேங்காய்த்துருவல். வெல்லம் இளகிப் பாகாகி வில்லையைப் பூசிக்கொண்டதும் இறக்கிவிடலாம். மாவு கிடையாது, பால் கிடையாது, பாகுப் பதம் பார்க்கும் பதற்றம் கிடையாது.

எளிதுதானே என்று நானே செய்தபோது மேலே கருகி, உள்ளே நார் நாராக, வெல்லத்தில் தோய்த்த விறகு போல வந்தது. எதிர்வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, ஒரு வில்லையை வாயில் போட்டுவிட்டு மூன்று குற்றங்களைக் கண்டுபிடித்தார். கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறாய். அடுப்பைப் பெரிதாக எரித்திருக்கிறாய். வெல்லத்தை முதலிலேயே கொட்டியிருக்கிறாய். “மூடிவிட்டு சும்மா இரு குழந்தாய், அது தானாக இனிக்கும்” என்றார். பாட்டிகள் எல்லாரும் சொல்கிற மாதிரிதான் இது என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், அந்தக் கடைசி வாக்கியம் உயிர்வேதியியல்.

சர்க்கரைவள்ளியின் உடம்பு பெரும்பாலும் தண்ணீரும் மாவுச்சத்தும். பச்சைக் கிழங்கில் சுக்ரோஸும் கொஞ்சம் குளுக்கோஸும் பிரக்டோஸும் உண்டு. மால்டோஸ் என்ற சர்க்கரை மட்டும் கிட்டத்தட்ட இல்லை. வெந்த கிழங்கிலோ மால்டோஸ்தான் கொட்டிக் கிடக்கும். அடுப்பேறும்போது அது எங்கிருந்து வந்தது? கிழங்குக்குள்ளேயே பீட்டா அமைலேஸ் என்றொரு நொதி ஏராளமாக இருக்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சரம். இந்த நொதி சரத்தின் நுனியைப் பிடித்து, இரண்டிரண்டு மணியாக நறுக்கிக்கொண்டே போகும். அந்த இரட்டை மணிதான் மால்டோஸ்.

நறுக்குவதற்கு ஒரு தடை இருக்கிறது. பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து இறுகிய குருணைகளாக அடைந்து கிடக்கும். நொதியால் உள்ளே நுழைய முடியாது. சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது குருணைகள் தண்ணீரைக் குடித்து, உப்பி, கூழாகத் தொடங்கும். அப்போதுதான் சரத்தின் நுனி நொதியின் கைக்கு எட்டும். ஆனால் 80 டிகிரியை நெருங்கினால் நொதியே செயலிழந்துவிடும். ஆக, கதவு திறப்பதற்கும் வேலைக்காரர் மயங்கி விழுவதற்கும் நடுவில் கிடைப்பது ஏறத்தாழ 20 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியைக் கிழங்கு எவ்வளவு நேரம் எடுத்துக் கடக்கிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கரில் விசில் விடுபவர்களும் மைக்ரோவேவில் வைப்பவர்களும் அதைச் சடுதியில் தாண்டிவிடுகிறார்கள். சிறுதீயில் மூடி வைத்த வாணலியும் வடநாட்டுத் தெருவோரக் கரிச்சாம்பலும் நொதிக்கு அவகாசம் தருகின்றன. சந்தேகம் இருந்தால் ஒரே கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குக்கரிலும் மறு பாதியைச் சிறுதீயிலும் வேகவைத்துத் தின்று பாருங்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம், நாக்கு போதும்.

மால்டோஸ் சீனியின் இனிப்பில் பாதியைக்கூட எட்டாது. அதனால்தான் வெந்த கிழங்கின் இனிப்பு திகட்டுவதில்லை. அதன்மேல் வெல்லத்தை அள்ளிக் கொட்டுவது, நன்றாகப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியை அலறவிடுவது மாதிரி. 100 கிராம் என்று மேலே எழுதினேன். ஆஜியின் கணக்கு அது. நான் அறுபதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிறுதீக்கு இன்னொரு கைங்கரியமும் உண்டு. உருளைக்கிழங்கு வெந்தால் குழையும், ஆனால் காப் வில்லை வட்டம் கலையாமல் நிற்கும். செல்களை ஒட்டவைக்கும் பசை பெக்டின். சுமார் 60 டிகிரி வாக்கில் கிழங்கிலுள்ள வேறொரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினைச் சற்றே மாற்றியமைக்கிறது. மாறிய பெக்டின், கிழங்கிலேயே இருக்கும் கால்சியத்தோடு கைகோத்து இறுகுகிறது. மெல்லச் சூடேற்றிய வில்லை உள்ளே மெத்தென்றும் விளிம்பில் உறுதியாகவும் இருப்பது இதனால்தான். கிழங்கைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகள், துண்டுகள் சிதையாதிருக்க முதலில் மிதச்சூட்டு நீரில் போட்டெடுப்பதும் இதே கணக்கில்தான்.

வெல்லம் கடைசியில் என்பதும் வெறும் வழக்கமில்லை. சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மாவுச்சத்து உப்பத் தண்ணீர் குறைந்தால், அது கூழாவதற்கு இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். வெல்லத்தில் கால்சியமும் இலேசான புளிப்பும் வேறு இருக்கின்றன. இரண்டுமே பெக்டினை இளகவிடாமல் தடுக்கும். முதலிலேயே வெல்லம் போட்ட என் வாணலியில் விறகு விளைந்த மர்மம் இவ்வளவுதான்.

குளிர்பெட்டி விஷயம் எனக்குப் புதிது. சர்க்கரைவள்ளி வெப்பமண்டலத்துப் பிறவி. 12 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் குளிர்க்காயம் படும்; வெளியே ஒன்றும் தெரியாது, எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் ஒரு கட்டி வேகாமல் நிற்கும். அதற்கு மாறாக, அறுவடையான கிழங்கை 30 டிகிரி சூட்டில், ஈரக் காற்றில் நாலைந்து நாள் வைத்தால் தோலிலுள்ள வெட்டுக்காயங்கள் தாமாக ஆறிவிடும். பிறகு சேமித்து வைக்க வைக்க இனிப்பும் கூடும். தோண்டிய கையோடு சமைத்த கிழங்கு சப்பென்றிருப்பதை விவசாயிகள் அறிவார்கள். ஆஷாட ஏகாதசிக்கு நாலு நாள் முன்பே ஆஜி மண்டயிக்குப் போய்க் கிழங்கு வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார். மண்டயி என்றால் காய்கறிச் சந்தை. முதல்முறை கேட்டபோது நான் என் தலையைத் தடவிப் பார்த்தேன்.

ஆனால் கிழங்கு விரதத்துக்குள் எப்படி வந்தது? ஆஜியின் விரதத் தட்டைத் தாவரவியல் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் தென்னமெரிக்காவில் பிறந்தவை. காரத்துக்குப் போட்ட பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தது. ஜவ்வரிசி பெரும்பாலும் நம் சேலம் பக்கத்து ஆலைகளில் செய்வது. அதன் மூலமான மரவள்ளியும் தென்னமெரிக்கச் சரக்கு. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்ததே; போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது. இங்கேயே காலங்காலமாக விளையும் அரிசியும் பருப்பும் அன்றைக்கு விலக்கு. பல வீடுகளில் மஞ்சளுக்குக்கூட அனுமதியில்லை! பகர் மட்டும் தானியக் கணக்கில் சேராமல் எப்படித் தப்பியது என்பது தனி வழக்கு.

இதற்கு என் ஊகம் இது. விரத விதியின் ஆதாரம் உழுது விளைவித்த தானியத்தை ஒதுக்குவது. காட்டில் தவமிருப்பவர் தின்னும் காய், கனி, கிழங்குக்குத் தடையில்லை. புதிதாய் வந்தது மண்ணுக்கடியில் விளைந்ததால் ‘கிழங்கு’ என்ற காலியிடத்தில் கேள்வியில்லாமல் உட்கார்ந்துகொண்டது. பெயரே சாட்சி சொல்கிறது. வள்ளி என்பது நம் காட்டுக் கொடிக்கிழங்கின் பழைய பெயர். கடல் கடந்து வந்த இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகிவிட்டார்கள். மராட்டியில் இன்னும் குழப்பம். கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் சர்க்கரைவள்ளிக்கு வைத்திருந்த பெயர் ‘பட்டாட்டா’. போர்த்துக்கீசியர் வாய்வழி மராட்டிக்கு வந்தபோது அது உருளைக்கிழங்கின் பெயராகிவிட்டது. மும்பையின் பட்டாட்டா வடைக்குள் இருப்பது உருளை. பெயருக்கு உரியவர் வெளியே நிற்கிறார்.

உருளைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உருளை கத்தரிக் குடும்பம். சர்க்கரைவள்ளியின் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டுமானால் கடற்கரை மணலில் ஊதாப் பூ விரிக்கும் அடும்பங்கொடியையும், குளக்கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும், வள்ளைக்கீரையையும் பாருங்கள். எல்லாப் பூவும் ஒரே புனல் வடிவம். இவை எல்லாம் அடங்கிய பேரினத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம் 2018 இல் வந்தது. மேகாலயாவில் கிடைத்த 17 புதைபடிவ இலைகளை ஆராய்ந்த இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள், அவை இதே பேரினத்தைச் சேர்ந்தவை, வயது சுமார் 5.7 கோடி ஆண்டு என்று அறிவித்தார்கள். இமயமலை எழும்புவதற்கு முந்தைய காலம். அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளியின் பூர்வகுடிகள் இங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

இனி, உடம்புக் கணக்கு. ஜமைக்காவில் உண்ணப்படும் பத்து ரகச் சர்க்கரைவள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011 இல் வெளியானது. வேகவைத்த கிழங்கின் இரத்தச் சர்க்கரை உயர்த்தும் குறியீடு 41 முதல் 50 வரை. அதே கிழங்கை அடுமனை அடுப்பில் சுட்டால் 82 முதல் 94 வரை. குளுக்கோஸை 100 என்று வைத்துப் போடும் கணக்கு இது. நீரிழிவுக்காரர்கள் ‘கிழங்குதானே’ என்று ஏமாறும் இடம் இதுதான். நாவுக்கு நல்ல சமையல் முறையும் இரத்தத்துக்கு நல்ல சமையல் முறையும் ஒன்றல்ல. வெறும் வயிற்றோடு இருந்தவர் வெல்லப் பாகில் ஊறிய பத்து வில்லையோடு விரதத்தை முடிப்பதைவிட, முழுக் கிழங்காக அவித்து உரித்துத் தின்பது மேல்.

நெய்யைப் பற்றி எனக்குப் புகாரில்லை. ஆரஞ்சுச் சதையுள்ள கிழங்கில் பீட்டா கரோட்டின் நிறைய இருக்கிறது. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கொழுப்பு கூடச் சேர்ந்தால்தான் அது குடலில் சரியாக உறிஞ்சப்படும். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்கள் உள்ளிட்ட நால்வருக்கு 2016 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் சந்தையில் அதிகம் கிடைப்பது சிவப்புத் தோல், வெள்ளைச் சதை. அதில் கரோட்டின் சொற்பம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘பூ சோனா’ ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் இருக்கிறது. அதில் காப் செய்தால் நிறத்துக்கென்று குங்குமப்பூ தேட வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு மகாசிவராத்திரி மாலையில் ஆஜியிடம் என் அரைகுறை மராட்டியில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த செய்தியைச் சொன்னேன். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தாரும் பெருவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தாரும் 2015 இல் 291 ரகச் சர்க்கரைவள்ளிகளைச் சோதித்தார்கள். அத்தனையிலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுக்கள் இருந்தன. இன்று ஆய்வகங்களில் பயிர்களுக்குப் புதிய மரபணுவைச் செலுத்தப் பயன்படுத்துவதும் இதே இனத்து பாக்டீரியாவைத்தான். எந்த விஞ்ஞானியும் பிறப்பதற்கு முன்பே அது இந்தக் கிழங்குக்குள் தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறது. நாம் தின்னும் ஒவ்வொரு சர்க்கரைவள்ளியும் இயற்கையே செய்த மரபணு மாற்றப் பயிர்.

ஆஜி திருப்பிக்கொண்டிருந்த வில்லையைக் கரண்டியிலேயே நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அந்தக் கிருமி, தானியமா?”

“இல்லை ஆஜி.”

“அப்புறம் என்ன? தட்டை எடு.”