மூன்று புலி, பதினைந்து ஆடு

கல்பாக்கத்தை ஒட்டி, பழைய டச்சுக் கோட்டை நிற்கும் ஊருக்குச் சதுரங்கப்பட்டினம் என்று பெயர். கடற்கரை வழியே இன்னும் வடக்கே போனால் மாமல்லபுரம். அதை அடுத்த பூஞ்சேரியில்தான் 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. ஊர்ப் பெயரிலும் சதுரங்கம், உலகப் போட்டியிலும் சதுரங்கம்! ஆனால் மாணவ நண்பர்களே, நாம் இப்போது பார்க்கப்போவது சதுரங்கம் அன்று. பலகையும் வேண்டாம், காசும் வேண்டாம். ஈர மணலில் குச்சியால் கோடு கிழித்து ஆடக்கூடிய ஆடுபுலி ஆட்டம்.

சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் பதினாறு காய்கள், படைகள் சமம். ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு பக்கம் மூன்று புலிகள், மறுபக்கம் பதினைந்து ஆடுகள். காய்களின் எண்ணிக்கை வேறு, நகரும் விதி வேறு, வெற்றி என்பதன் பொருளே வேறு. புலி ஆட்டை வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. அப்படியிருந்தும் நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் ஆடுகளைக் கொண்டு மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிடுகிறார். எப்படி? தாயத்தைப் போல இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. எல்லாமே இரண்டு பேருடைய கண்ணுக்கும் எதிரில் நடக்கிறது. ஆகவே விடை முழுவதும் களத்தின் கோடுகளுக்குள்தான் இருக்க வேண்டும்.

களத்தை வரைவோம்

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே வரைந்தால்தான் பின்னால் வருவது புரியும்.

முதலில் பெரிய முக்கோணம் ஒன்று. அதன் உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு மேலும் இரண்டு கோடுகள் இழுங்கள். இப்போது உச்சியிலிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்குகின்றன. அடுத்து, முக்கோணத்தின் குறுக்கே ஒரு செவ்வகம். அதன் மேல் விளிம்பு உச்சிக்குக் கீழேயும், கீழ் விளிம்பு அடிக்கோட்டுக்கு மேலேயும் இருக்கட்டும். இரு பக்கங்களும் முக்கோணத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். செவ்வகத்தின் நடுவே இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு போட்டால் களம் முடிந்தது.

கோடுகள் சந்திக்கும் இடங்களே காய் வைக்கும் புள்ளிகள். உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளில் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23. இவற்றுக்கு எண் கொடுத்துவிடுவோம். உச்சி 1. முதல் கிடைக்கோடு இடமிருந்து வலமாக 2 முதல் 7 வரை. இரண்டாவது 8 முதல் 13 வரை. மூன்றாவது 14 முதல் 19 வரை. அடிக்கோடு 20 முதல் 23 வரை. இடப்பக்கச் சாய்கோடு 1, 3, 9, 15, 20 என்று இறங்குகிறதா? அதற்கு அடுத்தது 1, 4, 10, 16, 21 என்று போகிறதா? சரி, உங்கள் படம் சரியாக இருக்கிறது.

புலிக்கு மூன்று பெரிய கற்கள், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டைகள். கல்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சவுக்குக் காய்கள் இருக்கவே இருக்கின்றன.

விதிகள்

பல ஊர்களில் புலிகளை முதலிலேயே வைத்துவிடுவார்கள். ஒன்று உச்சியில், மற்ற இரண்டும் அதற்கு நேர் கீழே 4, 5 ஆகிய புள்ளிகளில். சில ஊர்களில் புலியையும் ஒவ்வொன்றாகத்தான் இறக்குவார்கள். ஆட்டுக்காரர் ஒரு ஆட்டைக் காலியான புள்ளியில் வைப்பார். புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். இப்படி மாறி மாறி. பதினைந்து ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. இறங்கிய பின் ஆடும் புலியைப் போலவே கோட்டின் வழியே அடுத்த காலிப் புள்ளிக்கு ஒரு அடி போகலாம்.

புலிக்கு மட்டும் ஒரு சலுகை. பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், ஆட்டைத் தாண்டி அங்கே குதிக்கலாம். தாண்டப்பட்ட ஆடு களத்தை விட்டு வெளியேறும். ஒரு முறைக்கு ஒரே ஆடு. இரண்டு ஆடுகளைச் சேர்த்தோ, இன்னொரு புலியையோ தாண்ட முடியாது. மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார். எத்தனை ஆடு விழுந்தால் புலி வென்றதாகக் கொள்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். நடுவில் பேசினால் சண்டைதான் வரும்!

ஆடு ஏன் விழுகிறது?

புலி பக்கத்தில் வந்துவிட்டதால் ஆடு விழுகிறது என்றுதான் புதிதாக ஆடுகிறவர் எண்ணுவார். அதனால் புலி இருக்கும் இடத்துக்கு எட்டவே ஆடுகளை வைப்பார், அப்படியும் தோற்பார். உண்மை வேறு. ஆட்டின் முதுகுக்குப் பின்னால் இடம் காலியாக இருப்பதால்தான் அது விழுகிறது. புலி ஒரு பக்கம், காலியிடம் நேர் எதிர்ப்பக்கம்: இரண்டும் சேர்ந்தால்தான் வெட்டு. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டால் புலி வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். 20-ஆம் புள்ளியில் ஓர் ஆடு. அங்கே சாய்கோடும் முடிகிறது, அடிக்கோடும் முடிகிறது. அதைத் தாண்டினால் குதிப்பதற்குப் புள்ளியே இல்லை. ஆகவே அந்த ஆட்டை எந்தப் புலியாலும், எக்காலத்திலும் வெட்ட முடியாது. இப்படிப்பட்ட புள்ளிகள் களத்தில் எத்தனை என்று தேடுங்கள். 1, 2, 7, 14, 19, 20, 23 என ஏழு இருக்கின்றன. உச்சியில் தொடக்கத்தில் புலி உட்கார்ந்திருக்கும்; மீதி ஆறும் ஆட்டுக்குத் திறந்தே கிடக்கின்றன.

அடுத்து 8-ஆம் புள்ளி. அங்குள்ள ஆட்டை 2-லிருந்து 14-க்கோ, 14-லிருந்து 2-க்கோ குதித்துத்தான் வெட்ட முடியும். ஆனால் 14-இல் ஏற்கெனவே ஓர் ஆடு இருந்தால்? 2-இல் நிற்கும் புலிக்குக் குதிக்க இடமில்லை. 14-இல் புலி நிற்கவே முடியாது. ஒரே ஆடு இரண்டு வழியையும் அடைத்துவிட்டது. அதாவது, ஓர் ஆட்டின் வழியே ஊடுருவிச் செல்லும் ஒவ்வொரு கோட்டிலும் அதற்குப் பக்கத்தில் ஒரு கூட்டாளி ஆடு இருந்தால் போதும். இரண்டு கோடுகள் ஊடுருவிச் செல்லும் இடத்தில் நிற்பதற்கு இரண்டு கூட்டாளிகள் வேண்டும்.

இனி சுவர் கட்டுவது போலக் கட்டிக்கொண்டு போகலாம். முதலில் 20, 23, 14, 19, 2, 7 என ஆறு மூலைகள். அவற்றில் சாய்ந்துகொண்டு 8, 13, 21, 22. பத்து ஆடுகள் ஆயின. 15-இல் வைக்கும் ஆடு கிடைக்கோட்டில் 14-ஐயும் சாய்கோட்டில் 20-ஐயும் சார்ந்து நிற்கும், 18-உம் அப்படியே. 16-க்கு 15-உம் 21-உம் துணை; 17-க்கு 18-உம் 22-உம் துணை. கடைசி ஆடு 9-இல். அதற்கு 8-உம் 15-உம் துணை. எண்ணிப் பாருங்கள், பதினைந்து! ஒன்றைக்கூட வெட்டுவதற்கு வழியில்லை.

அப்படியானால் ஆட்டுக்காரர் எப்போதும் பிழைத்துக்கொள்வாரா? புலிக்காரர் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பிழைக்கலாம். அவர் அப்படி இருக்க மாட்டார். நீங்கள் வைக்க நினைக்கும் இடத்தில் தம் புலியைக் கொண்டுவந்து நிறுத்துவார். 14-இல் புலி போய் உட்கார்ந்தால் 15-க்கு இருந்த துணை போயிற்று. அப்போது வேறு பக்கம் சுவரைத் தொடருங்கள். அந்தப் புலியையும் மறந்துவிடாதீர்கள். மூலைக்கு வந்த புலி தானே வலிய வந்த புலி. ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

புலியின் பக்கம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று ஒன்று உண்டு. பெயர்தான் புலி, சுற்றிலும் செதுக்கியிருப்பவை யாளித் தலைகள். நம் ஆட்டத்துப் புலியும் பெயருக்கு ஏற்ற பலசாலி அன்று. அதன் பலம் முழுவதும் காலியிடத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் 20 புள்ளிகள் காலி. ஒவ்வோர் ஆடு இறங்கும்போதும் ஒன்று குறைகிறது. ஒன்றும் விழாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் மிஞ்சுவது ஐந்தே காலியிடம். ஆகவே புலியாக ஆடுகிறவர் முன்பாதியிலேயே வேட்டையை முடித்துக்கொள்ள வேண்டும். நாள் போகப் போகக் கூண்டு சுருங்கும்.

வேட்டைக்குச் சிறந்த உத்தி இரட்டைக் குறி. உங்கள் புலி 10-இல் நிற்கிறது. 9-இலும் 16-இலும் ஆடுகள். 8-உம் 21-உம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்காரர் 8-ஐ அடைத்தால் 16 விழும். 21-ஐ அடைத்தால் 9 விழும். ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் வைக்க முடியும் என்ற விதியே அவருக்கு எதிரியாகிவிட்டது. இரட்டைக் குறி வைக்க நான்கு திசையும் திறந்த நடுப்புள்ளிகள் வேண்டும். ஆகையால் புலி நடுவில் உலாவ வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கக் கூடாது.

மூலையில் என்ன ஆகும்? 2-ஆம் புள்ளியில் உள்ள புலிக்கு 3, 8 ஆகிய இரண்டே வழிகள். 3-இலும் 8-இலும் ஆடு, அவற்றுக்குப் பின்னால் 4-இலும் 14-இலும் ஆடு: நான்கு ஆடுகளில் புலி அடைபட்டது. அதுவே உச்சியில் இருந்தால் நான்கு சாய்கோடுகளிலும் இரண்டிரண்டாக எட்டு ஆடுகள் வேண்டும். நடுவில் 10-இல் நின்றாலும் எட்டுதான். இன்னொரு வேடிக்கை. 2-இல் ஒரு புலி, 14-இல் ஒரு புலி; நடுவே 8-இல் ஓர் ஆடு. ஒரு புலி குதிக்கவேண்டிய இடத்தில் இன்னொரு புலியே வழியை மறித்து நிற்கிறது! 3, 4, 15, 16-இல் ஆடு வைத்தால், ஐந்தே ஆடுகளில் இரண்டு புலிகளும் அடைபடுகின்றன. இதற்காக ஓர் ஆட்டை இரையாகக் கொடுத்துப் புலியை மூலைக்கு வரவழைப்பதும் உண்டு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் தவக்கோலத்தில் நிற்கும் பூனையைச் சுற்றி எலிகள் இருக்கின்றன அல்லவா? இங்கே எலி பூனையை ஏமாற்றுகிறது.

ஆட்டுக்காரருக்கு உண்மையான சோதனை பதினைந்தும் இறங்கிய பின்புதான் வருகிறது. இனி ஒவ்வொரு முறையும் அவர் ஏதேனும் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும். "சும்மா இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது. நகர்ந்த ஆடு ஒரு காலியிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த இடத்தைச் சார்ந்து நின்ற ஆடுகள் எவை? அவற்றின் எதிர்ப்புறம் புலி இருக்கிறதா? காயைத் தொடுமுன் இந்த இரண்டையும் பாருங்கள். முன்வரிசை ஆடு ஓர் அடி வைத்தால், அடுத்த முறையே பின்வரிசை ஆடு அதன் இடத்தை நிரப்ப வேண்டும். 18-லிருந்து 12-க்குப் போனால் 23 உடனே 18-க்கு வரட்டும். இந்த இரண்டு அடிகளுக்கு நடுவே புலிக்கு ஒரு முறை உண்டு. அப்போது 6-இல் புலி இருந்தால் 12-இல் உள்ள ஆடு போயிற்று. எனவே 6-இல் புலி இல்லாத நேரம் பார்த்து, ஓரடியில் அங்கே வந்துவிட்டாலும் மறுமுறை நிரப்பிவிட முடியுமா என்று பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

கணக்குப் போட்டால்

மூன்று புலிகளை 23 புள்ளிகளில் வைக்க எத்தனை வழி? 23 × 22 × 21 ÷ 6 = 1771. மீதி 20 புள்ளிகளில் 15 ஆடுகளை வைக்க 15,504 வழிகள். இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 74 லட்சத்து 57 ஆயிரத்து 584 அமைப்புகள். ஆடுகள் குறைந்துபோன அமைப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 185 கோடி. மனிதனுக்கு இது மலை. கணினிக்கோ எட்டும் தொலைவு. ஓர் அமைப்பு புலிக்கு வெற்றியா, ஆட்டுக்கு வெற்றியா, சமனா என்று குறிக்க இரண்டு பிட் போதும். யார் முறை என்பதற்காக இரட்டிப்பாக்கினாலும் சுமார் 92 கோடி பைட்தான். இன்றைய கைப்பேசியிலேயே இது அடங்கிவிடும்.

இதை நிரப்பும் முறை அழகானது. ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்ப்பதில்லை. முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறார்கள். புலிகள் அடைபட்ட அமைப்புகளை எல்லாம் முதலில் "ஆட்டுக்கு வெற்றி" என்று குறிப்பது. பிறகு ஒரே அடியில் அங்கே போய்ச் சேரக்கூடியவை எவை, அவற்றுக்கு முந்தியவை எவை என்று படிப்படியாகப் பின்னால் போவது. நம் ஆட்டத்துக்கு நேபாளத்தில் ஒரு தம்பி உண்டு; பாக் சால் என்று பெயர். அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், பின்னோக்கி வரும் இம்முறையையும் முன்னோக்கித் தேடும் முறையையும் இணைத்துக் கணினியால் அதை ஆராய்ந்தார்கள். இரு தரப்பும் தவறின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று காட்டினார்கள். நான்கு காய்களும் இருபது காய்களும் சமபலம்! யாரோ பழங்காலத்தில் மண்ணில் கோடு கிழித்து ஆடி ஆடியே எட்டிய எண்கள் அவை.

ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கூட இவ்வாட்டத்தின் வடிவங்கள் உண்டு. நம் பக்கத்துப் பழைய கோயில் மண்டபங்களுக்குப் போனால் தரைக் கல்லைக் குனிந்து பாருங்கள். பல கோயில்களில் இந்த முக்கோணத்தை உளியால் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கண்டால் புள்ளிகளை எண்ணுங்கள். 23 இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். மூன்று புலிகளும் 2, 14, 20 ஆகிய புள்ளிகளில் மாட்டிக்கொண்டால் அவற்றை அடைக்க எட்டு ஆடுகள் வேண்டும். அவை எந்த எட்டு என்று கண்டுபிடியுங்கள். அதே புலிகள் 2, 8, 14 என்று ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றுவிட்டால் ஆறே போதும். ஏன் இரண்டு ஆடுகள் குறைந்தன?