குழந்தை நெஞ்சில் ‘கீச் கீச்’ சத்தம்: எல்லாமே வீசிங்தானா? பிராங்கியோலைட்டிஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூணு நாளா மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல். நாலாவது நாள் இரவு ஆறு மாதக் குழந்தையின் நெஞ்சில் ‘கீச் கீச்’ சத்தம். சேலமோ நாமக்கல்லோ, வீட்டில் உடனே வரும் பேச்சு இதுதான்: “வீசிங் ஆயிடுச்சு. நெபுலைசர் வெச்சுட்டு, ஆன்டிபயாடிக் எழுதி வாங்கிட்டு வந்துடலாம்.”

ஆனால் ஒரு வயதுக்குள் முதல்முறையாக வரும் இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் பிராங்கியோலைட்டிஸ். இதற்கு அந்த இரண்டுமே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பிறகு எதுதான் உதவும்?

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

மூச்சுக்குழாய் மரக்கிளை போலப் பிரிந்துகொண்டே போகும். அதன் கடைசிச் சிறு கிளைகள்தான் ‘பிராங்கியோல்’. வைரஸ் தாக்கும்போது இவற்றின் உள்சுவர் வீங்கி, சளி அடைத்துக்கொள்கிறது. குழாயின் அகலம் பாதியானால் காற்று நுழைவதற்கான தடை சுமார் 16 மடங்காகும். கைக்குழந்தையின் குழாய் முதலிலேயே மெலிசு. அதனால்தான் பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போகும் அதே வைரஸ், குழந்தையைத் திணறடிக்கிறது. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் முக்கியக் காரணம். 1950-களிலேயே கண்டறியப்பட்டது இது.

ஆன்டிபயாடிக் ஏன் உதவாது?

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை அல்ல. நெபுலைசர் மருந்து, சுருங்கிய தசையைத் தளர்த்தும். ஆஸ்துமாவில் அது பலன் தரும். இங்கே பிரச்சினை வீக்கமும் சளியும். அதனால் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக அதை வைக்கத் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். அடிக்கடி திரும்பி வரும் வீசிங், குடும்பத்தில் ஆஸ்துமா என்றால் கதை வேறு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பால் கொடுக்கும் முன் மூக்கில் சலைன் சொட்டு விட்டு, சளியை மெதுவாக எடுங்கள். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும்.
* கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.
* குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை எதுவும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.
* மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொக்கம் எடுப்பது கூடாது. ஒரு வயது வரை தேனும் வேண்டாம். இருமல் சிரப்பை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மூன்று முதல் ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். பிறகு குறையும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கலாம். பயப்பட வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்:

* மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல்
* வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காதது
* 12 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
* உதடு, நாக்கு நீலமாவது. மூச்சு இடையில் நிற்பது. எழுப்ப முடியாத சோர்வு

கடைசி வரியில் உள்ளது தெரிந்தால் உடனே 108. பெரியவர்களின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் குழந்தைக்கு நம்பாதீர்கள். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறுள்ள குழந்தை, மூன்று மாதம் நிறையாத குழந்தை என்றால் அறிகுறி முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையிலும் முக்கிய சிகிச்சை ஆக்சிஜனும், தேவைப்பட்டால் டியூப் அல்லது டிரிப்ஸ் வழியே ஊட்டமும்தான்.

பெரியவர்களுக்கும் வருமா?

வரும், ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. 2 மில்லிமீட்டருக்கும் மெலிந்த குழாய்கள் மெல்ல மெல்லக் கெடும்போது, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்கூட ஆரம்பத்தில் நார்மல் காட்டலாம். பஞ்சுத் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ நோயின் அடையாளம், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்கம். கோழிப்பண்ணையில் இறகு, எச்சம், தீவனத் தூசியும் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியைத் தூண்டலாம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறியிலோ மில்லிலோ, நாமக்கல் பண்ணையிலோ வேலை செய்பவருக்கு வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குவது தொடர்ந்தால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது தன் வேலையைத்தான். முகத்தோடு ஒட்டும் என்95 மாஸ்க் உதவும், தோளில் கிடக்கும் துண்டு போதாது.

தடுக்க முடியுமா?

கர்ப்பிணிகளுக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கும், குழந்தைக்கு நேரடியாகப் போடும் ஆன்டிபாடி ஊசிக்கும் 2023-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இவை இன்னும் இடம்பெறவில்லை. அட்டவணையில் உள்ள நிமோகாக்கல் ஊசி அவசியம். ஆனால் அது பாக்டீரியாவுக்கு எதிரானது, ஆர்.எஸ்.வி.யைத் தடுக்காது.

அதுவரை நம் கையில் இருப்பது சோப்பும் தண்ணீரும்தான். இந்த வைரஸ் பொம்மை, மேஜை மேல் பல மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். சளி பிடித்தவர் எவ்வளவு ஆசையாக வந்தாலும், “கை கழுவிட்டு வாங்க, முத்தம் அடுத்த வாரம்” என்று சொல்லத் தயங்காதீர்கள்.