ஒட்டடைக் குச்சியை ஓரமா வைங்க, பாட்டைப் போடுங்க!



செமஸ்டர் எழுதி முடிச்சு பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போறீங்க. தோள்ல இருக்கிற பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள உங்க கைக்கு ஒரு ஒட்டடைக் குச்சி வந்து சேர்ந்திருக்கும். மார்கழியின் கடைசி நாள் போகி. அதற்குள் ஃபேன் துடைக்கணும், ஜன்னல் கம்பி துடைக்கணும், பரணில் இருக்கிற மூட்டை முடிச்சையெல்லாம் கீழே இறக்கணும். "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று சொல்லிக்கொண்டே பாதி வீடு வாசலுக்கு வந்துவிடும்.

இந்தக் கட்டுரை உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த வேலையில் ஒரு மதியத்தை மட்டும் கட் அடிங்க. பரணில் இருந்து இறங்கும் சாமான்களில் ஒரு கேசட் பெட்டி இருந்தால், அதைக் கழிக்கிற கூட்டத்தில் சேர்க்காமல், உட்கார்ந்து கேளுங்க. சோம்பேறித்தனத்துக்கு இது ஒரு சாக்கு இல்லை. இதற்குப் பின்னாடி கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் மனோதத்துவம் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய பாட்டு ஏன் பழசாகவில்லை?

"அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று தாத்தா சொன்னால் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அவர் சொல்வதில் ஒரு பொறியியல் விஷயம் ஒளிந்திருக்கிறது.

1950, 60களில் ஒரு சினிமாப் பாட்டு வெளியே வந்தால் அது போய்ச் சேர வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, 78 சுற்று இசைத்தட்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பிடிக்கும். அதற்கு மேல் நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. ஆகவே பல்லவி, சரணம், இடையிசை எல்லாமே அந்த 3 நிமிடத்துக்குள் அடங்கியாக வேண்டும். வளவளவென்று இழுக்க இடமே இல்லை.

இரண்டாவது இடம் ரேடியோ. 1952-இல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். நேயர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இப்போ உங்க கம்யூனிகேஷன் பாடத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். அதில் ஒலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 4.5 கிலோஹெர்ட்ஸ்தான். சிற்றலையில் கேட்டால் சத்தம் ஏறும், இறங்கும், நடுவில் இரைச்சல் வரும். அந்தக் குறுகலான வழியில் நுழைந்து, டீக்கடைப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் வழியா வெளியே வந்து, சாலையில் போகிறவன் காதில் வார்த்தை தெளிவா விழ வேண்டும்.

அதனால் அந்தப் பாடல்களில் குரல்தான் ராஜா. ஒரு வரி முடிந்த பிறகுதான் புல்லாங்குழல் எட்டிப் பார்க்கும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் நிரப்பும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்காது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த பாட்டு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு எந்த வாத்தியம் எப்போ விலகி வழி விடுதுன்னு கவனிங்க, புரியும். இன்னொன்று, அன்றைய ஒலிப்பதிவுக் கருவிகளில் தனித்தனி ட்ராக் வசதி மிகக் குறைவு. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்தார்கள். யாராவது ஒருவர் தப்பு விட்டால் எல்லோரும் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பதற்றமும் ஒழுங்கும் ஒலியிலேயே பதிவாகி இருக்கிறது.

மோசமான கருவியில் கேட்டாலும் நிற்க வேண்டும் என்று கட்டிய பாட்டு அது. அதனால்தான் 60 வருடம் கழித்து உங்க போன் ஸ்பீக்கரிலும் அது நிற்கிறது.

நீங்க பிறக்காத காலத்துப் பாட்டு உங்களை ஏன் இழுக்குது?

"அதெல்லாம் சரி, அது அவங்க காலத்துப் பாட்டு. எனக்கும் ஏன் பிடிக்குது?" என்று கேட்கலாம். இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் ஸுப்னிக் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். சுமார் 20 வயதுள்ள அமெரிக்க மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரை அங்கே பிரபலமாக இருந்த பாடல்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். இது தெரியுமா, பிடிக்குதா, ஏதாவது நினைவு வருதா என்று கேட்டார்கள்.

தங்கள் சொந்தக் காலத்துப் பாட்டுக்கு நினைவுகள் நிறைய வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பின்னோக்கிப் போகப் போக ஒரே சீராகக் குறையாமல், 1980களின் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு மேடு. அது அவர்களுடைய அப்பா அம்மாவின் இளமைக்காலம். அதற்கும் முன்னே, 1960களிலும் ஒரு சின்ன மேடு இருந்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, பிள்ளைகளிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம்ம வீட்டுக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்க. உங்க அப்பா அம்மா பள்ளி, கல்லூரி படித்தது பெரும்பாலும் 1980களின் கடைசியிலும் 90களிலும். 1976-இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜா உச்சத்தில் இருந்த காலம், 1992-இல் 'ரோஜா'வோடு ஏ.ஆர்.ரஹ்மான் வந்த காலம். தாத்தா பாட்டிக்கு டி.எம்.எஸ்., சுசீலா, கண்ணதாசன். பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், சமையல்கட்டில் இதெல்லாம் உங்க காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிப்பது ரசனைக் கோளாறு இல்லை, வீட்டுச் சொத்து.

பாட்டு பழசாகாது, டேப் பழசாகும்

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சீரியஸ் ஆகுது. "எல்லாப் பாட்டும் இப்போ போன்லயே இருக்கே, கேசட் எதுக்கு?" என்ற கேள்வி நியாயமானதுதான். படத்தோட பாட்டு போனில் இருக்கும். உங்க வீட்டுக் கேசட்டில் இருப்பது அது மட்டும் இல்லை.

அந்தக் காலத்தில் காலிக் கேசட் ஒன்று வாங்கி, பிடித்த பாட்டையெல்லாம் ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் மொத்தம் 12தான் அடங்கும். ஆயிரம் பாட்டில் 12-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எவ்வளவு யோசித்திருப்பார்கள்! இருபது வயதில் உங்க அப்பா யார் என்று தெரியணுமா? அட்டையில் அவர் கையெழுத்தில் இருக்கிற அந்த 12 வரியைப் படிங்க. சில கேசட்டில் பாட்டுக்கு நடுவே வீட்டு ஆட்களின் குரல் இருக்கும்: பாட்டி பாடிய தாலாட்டு, குழந்தையின் மழலை, டேப் ரெக்கார்டர் புதிதாக வந்த நாளில் "பேசு, பேசு" என்று யாரோ சொல்வது. அது எந்த ஆப்பிலும் கிடைக்காது. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான், அதுவும் உங்க பரணில்.

பிரச்சினை என்னவென்றால், பரண்தான் டேப்புக்கு எதிரி. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட்டுக்குள் இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களை ஒரு பசையில் கலந்து பூசியிருப்பார்கள். அந்தத் துகள்களின் காந்தத் திசைதான் பாட்டு. ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் பசை மெல்ல மெல்லச் சிதையும், துகள் உதிரும். சுற்றிய நாடாவில் ஒரு அடுக்கின் காந்தம் பக்கத்து அடுக்கில் லேசாகப் பதியும். பாட்டு தொடங்கும் முன்னாலேயே அதன் நிழல் மாதிரி மெதுவாகக் கேட்பது அதனால்தான். சூடு கூடினால் இதுவும் கூடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரண் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

போகித் தீயில் போட்டால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் ஓடும் பாலியெஸ்டர் நாடாவும் எரிந்து நச்சுப்புகைதான் மிஞ்சும்.

எப்படிக் கேட்பது?

அவசரப்பட்டு உடனே பிளேயரில் திணிக்காதீங்க. வரிசையா இதைச் செய்யுங்க.

1. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்க. இருந்தால் போட வேண்டாம். பூஞ்சை பிளேயருக்கும், அங்கிருந்து மற்ற கேசட்டுக்கும் பரவும்.

2. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்க. அப்புறம் தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பழைய பதிவு அழியாது.

3. ஓட்டையில் ஒரு பென்சிலை விட்டுச் சுற்றுங்க. இறுக்கமாக இருந்தால் பலவந்தம் வேண்டாம். இலகுவாகச் சுற்றினால், பிளேயரில் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுக் கேளுங்க.

4. பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்க. பஞ்சு பழுப்பாக வரும். பாட்டு மங்கலாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் அந்த அழுக்குதான். இந்த ஒரு சுத்தம் மட்டும் இன்றைக்குச் செய்யலாம்!

5. பாட்டு இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் தேடிப் பாருங்க. பிரித்து மாற்ற உங்க டிபார்ட்மென்ட் நண்பன் இருக்கான்.

6. கேட்கும்போதே ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போட்டு, ஆடாசிட்டியில் பதிவு செய்யுங்க. பிளேயரின் சத்தத்தைக் குறைவா வைங்க, இல்லாவிட்டால் கரகரக்கும். சிடி தரத்தில் வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரக் கேசட்டுக்குச் சுமார் 635 எம்பி. ஒரு சினிமாவை விடக் குறைவு. இரைச்சலை நீக்குகிற வேலையெல்லாம் நகலில் செய்யுங்க, அசலில் கை வைக்காதீங்க.

சரி, அப்போ வீட்டை யார் சுத்தம் செய்வது?

இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நீங்க பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வேலை எங்கேயும் போகாது. நேராக அம்மா தலையில்தான் விழும். அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று பரண் துடைக்க, நாம் கீழே ரசனையோடு தலையாட்டுவது ரசனையில் சேராது. அதனால் கட் அடித்தால் வீடே சேர்ந்து கட் அடிக்கணும். அம்மாவை இறங்கி வரச் சொல்லுங்க, காபியை நீங்க போடுங்க. மறுநாள் காலையில் மிச்ச வேலையில் பாதியை நீங்க எடுத்துக்கோங்க. தூசி ஒருநாள் காத்திருக்கும். எப்படியும் அடுத்த வாரமே திரும்ப வரப்போகிற விருந்தாளிதானே!

கேட்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: "இந்தப் பாட்டை ஏன் பதிஞ்சீங்க?" டேப்பைப் பதிந்து வைத்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் எந்தக் கேசட்டிலும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் இப்போ உங்க பக்கத்தில், கையில் துடைப்பத்தோடு நிற்கிறார்கள்.

லீவு முடிந்து வந்ததும், உங்க வீட்டுக் கேசட் அட்டையில் முதல் வரியாக எந்தப் பாட்டு எழுதியிருந்தது, அதற்கு என்ன கதை சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் சேர்த்துக்கொள்கிறோம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்!