99-க்கும் 78-க்கும் நடுவில்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். 2024-இல் கேரளத்தில் எஸ்எஸ்எல்சி எழுதியவர்களில் 99.69 சதவீதம் பேர் தேறினார்கள். அதே ஆண்டு பிளஸ் டூவில் தேறியவர்கள் 78.69 சதவீதம். "பத்து வரைக்கும் நல்லாப் படிச்ச பிள்ளை, போன் கைக்கு வந்ததும் கெட்டுப்போச்சு" என்று கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் தமிழ்ப் பெற்றோர் வருந்துகிறார்கள். பிள்ளையைக் குறை சொல்லுமுன் மதிப்பெண் போடும் முறையைப் பார்த்துவிடுவோம்.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 100 மதிப்பெண் பாடம் என்றால் எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளியே போடும் தொடர் மதிப்பீட்டுக்கு 20. இரண்டும் சேர்ந்து 30 வந்தால் டி பிளஸ், அதாவது தேர்ச்சி. அந்த 20-ம் முழுதாகக் கிடைத்த பிள்ளைக்கு, வினாத்தாளில் 10 எடுத்தாலே போதுமாயிருந்தது. பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 சதவீதம் வேண்டும், 80-க்கு 24. எழுத்தில் தடுமாறும் பிள்ளை பத்தாம் வகுப்பில் கண்ணில் படவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால்தான் 2024-25 முதல் எட்டாம் வகுப்பிலேயே எழுத்துத் தேர்வுக்குத் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் வந்தது. அந்த மதிப்பெண்ணை எட்டாதவர்களுக்கு விடுமுறையில் தனி வகுப்பும் நடந்தது.

தமிழ்வழிப் பிள்ளைக்கு இன்னொரு மேடும் உண்டு. பத்து வரை புத்தகமும் வினாத்தாளும் தமிழில். பிளஸ் ஒன் போனதும் அறிவியல் புத்தகம் ஆங்கிலத்தில், வகுப்பில் விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில். எஸ்டேட் லயத்திலிருந்து வரும் பெண் ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதி எழுதிப் படிக்கிறாள். மற்றவர்கள் ஒரு பாடம் முடிக்கும் நேரத்தில் அவள் ஒரு பக்கம் முடிக்கிறாள். இதைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்?

அடுத்தது, கணக்கில் வராதவர்கள். நம் சதவீதம் தேர்வு எழுதியவர்களை மட்டும் எண்ணுகிறது. எட்டாவதில் 100 பேர் சேர்ந்து, 90 பேர் தேர்வெழுதி, 89 பேர் தேறினால் பள்ளி 99 சதவீதம் என்று பலகை வைக்கும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 89 தான். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் முடித்தார்கள் என்று எண்ணுகிறார்கள். 2021-22-இல் அது சுமார் 87 சதவீதம். இடைமலைக்குடியிலிருந்து மேல்வகுப்புக்காக மூணாறு விடுதிக்கு வரும் முதுவான் பழங்குடிப் பிள்ளை நடுவிலேயே குடிக்குத் திரும்பிவிட்டால், நம் தேர்ச்சிக் கணக்கில் அவனுக்கு இடமே இல்லை. முதலில் எண்ண வேண்டியது அவனைத்தான்.

ஆகவே பிடிஏ கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எட்டாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் எத்தனை பேர்? வீட்டில் தவறிய பிள்ளை இருந்தால், தவறிய பாடத்தை மீண்டும் எழுத ஜூனிலேயே நடக்கும் சே பரீட்சைக்குப் பணம் கட்டி, கூட உட்கார்ந்து படிக்க வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு வருஷமும் வீணாகாது, மனசும் விட்டுப்போகாது.