3000-க்கும் 2998-க்கும் நடுவே ஸ்ரீரங்கம்

பேச்சில் சீரங்கம், பாசுரம் படிப்பவர்களுக்குத் திருவரங்கம், ரயில் நிலையப் பலகையில் ஸ்ரீரங்கம். ஒரே ஊருக்கு மூன்று பெயர் வடிவம் இருப்பதால் யாருக்கும் குழப்பமில்லை. வேற்றுமை கண்ணுக்கே தெரிகிறது. கணினியைக் குழப்புவது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேற்றுமை.

யூனிகோடு என்பது உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஏற்பாடு. அதில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு. ‘ஸ’வின் எண் 3000. புள்ளிக்கு 3021, ‘ர’வுக்கு 2992, ஈகாரக் குறிக்கு 3008. இந்த நான்கும் வரிசையாக வந்தால் எழுத்துரு அவற்றைச் சேர்த்து ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை வடிவமாக வரைந்துவிடும். ‘ஸ்ரீரங்கம்’ என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் பத்து எண். வழக்கமான முறையில் கோப்பில் சேமித்தால் 30 பைட்.

2005-ஆம் ஆண்டு வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற கிரந்த எழுத்துக்குத் தனியிடம் கிடைத்தது. எண் 2998. வடமொழியில் ‘ஸ்ரீ’ என்ற சொல் தொடங்குவது இந்த ஒலியில்தான் என்பதால், அதன் பிறகு 2998-இல் தொடங்கும் வரிசையே ‘ஶ்ரீ’க்குப் பொருத்தமானது என்று முடிவானது. ஆனால் அதற்குள் பழைய வரிசையில் எத்தனையோ பக்கங்கள் தட்டச்சாகிவிட்டன. விசைப்பலகைகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. விளைவு, இரண்டு வரிசைகளும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. நல்ல எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும்.

திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கே ‘கோஹா’ என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே பயன்பாட்டுக்கு வந்த திறமூல மென்பொருள் அது. இன்று தமிழகத்துக் கல்லூரிகள் பலவற்றிலும் இருக்கிறது. ஒரு மாணவி சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைத் தொகுப்பைத் தேடுகிறாள். முடிவு: பூஜ்யம். புத்தகமோ அலமாரியில் இருக்கிறது. பதிவு செய்தவர் 2998, தேடியவள் 3000. எண்களை அப்படியே ஒப்பிடும் எந்தத் தேடலிலும் இது நடக்கும்.

நூலகர் எரிச்சலோடு உட்கார்ந்து, மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்குப் புகார் எழுதுகிறார்: “தமிழ் சர்ச் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்.”

இதைப் படிப்பவர் வெலிங்டனிலோ பாரிஸிலோ இருக்கும் ஒருவர். தமிழ் தெரியாது. இருந்தாலும் நல்லெண்ணத்தோடு எங்கிருந்தோ ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து ஒட்டி, தன் கணினியில் தேடிப் பார்க்கிறார். கிடைத்துவிடுகிறது. ‘என்னிடம் வேலை செய்கிறது’ என்று குறித்து மூடிவிடுகிறார். மோஸில்லா 1998-இல் தொடங்கிய பக்ஸில்லா என்ற வழுப் பதிவேட்டில், புகாரை மூடுவதற்கான காரணங்களில் ஒன்றாகவே இந்த வாசகம் இருக்கிறது. திருச்சியில் கோபம், பாரிஸில் குழப்பம். இருவர் மீதும் குற்றமில்லை. குறை அந்த இரண்டு வரிகளில்தான்.

புட்டி என்ற புகழ்பெற்ற இலவச மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம், 1999-இல் வழுக்களை எப்படிப் புகார் செய்வது என்பது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பல மொழிகளுக்குப் போன கட்டுரை அது. அதன் சாரம் மிக எளிது: நிரல் எழுதியவர் தன் கண்ணெதிரே அது தோற்பதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்ட முடியாது என்பதால், அவரே தன் கணினியில் அதைத் தோற்க வைக்கும் அளவுக்கு விவரம் தர வேண்டும்.

அதே நூலகர் இன்னொரு முறை எழுதினால் இப்படி இருக்கலாம்:

“தலைப்பு: ‘ஶ்ரீ’யின் இரண்டு யூனிகோடு வரிசைகளைத் தேடல் வேறு வேறு சொல்லாக நடத்துகிறது. கோஹா 23.05, தேடல் பொறி ஸீப்ரா, இயங்குதளம் டெபியன். செய்தது: 2998, 3021, 2992, 3008 என்று தொடங்கும் தலைப்பில் ஒரு நூலைச் சேர்த்து, அட்டவணையைப் புதுப்பித்தேன். பிறகு அதே தலைப்பை 3000, 3021, 2992, 3008 என்று தொடங்கித் தேடினேன். எதிர்பார்த்தது: 1 நூல். கிடைத்தது: 0. நூல் பதிவிலிருந்தே தலைப்பைக் காப்பி செய்து தேடினால் கிடைக்கிறது. இரண்டு வரிசைகளையும் இணைத்துள்ளேன். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.”

தமிழே தெரியாதவர்கூட ஐந்து நிமிடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். உயிர்நாடி, “காப்பி செய்து தேடினால் கிடைக்கிறது” என்ற வரி. எங்கே தோற்கிறது என்பதோடு எங்கே தோற்கவில்லை என்பதையும் சொன்னால், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலோர் இந்த வரியைத்தான் எழுதாமல் விடுகிறார்கள்.

எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற ஆவண மென்பொருளில் எழுத்தை ஒட்டிக் கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தினால், எழுத்து போய் அதன் எண் வந்து நிற்கும். பதினாறடிமான முறையில் காட்டும், அவ்வளவே. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ‘ஆர்ட்’ என்ற ஒரு வார்த்தைக் கட்டளை போதும். 3000 என்று நேரடியாகச் சொல்லிவிடும்.

அறிக்கையில் இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம். யூனிகோடு தரநூலே, தமிழ்ப் பகுதியில், இரண்டு வரிசைகளும் பரவலாக இருப்பதை ஒப்புக்கொண்டு, இரண்டையும் சமமாக நடத்தும்படி பரிந்துரைக்கிறது. அதைச் சுட்டிவிட்டால் விவாதம் ‘எங்களுக்கு இப்படி வேண்டும்’ என்ற இடத்திலிருந்து ‘தரநூல் இப்படிச் சொல்கிறது’ என்ற இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆனால் பரிந்துரை வேறு, விதி வேறு. ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். 3018 என்ற ஒற்றை ஒகரக் குறியாலும் எழுதலாம். 3014, 3006 என்று ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இவை இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியாகவே வைத்திருப்பதால், ‘நார்மலைசேஷன்’ செய்யும் மென்பொருள் தானாகவே இணைத்துவிடும். ஸ்ரீக்கு அந்த விதி இல்லை, பரிந்துரை மட்டும்தான். அதனால் ஒவ்வொரு மென்பொருளிலும் யாராவது ஒருவர் கேட்டுத்தான் அது நடந்தாக வேண்டும்.

தேடல் பிசகு இப்படி. திரையில் தெரிவதே பிசகினால் கதை இன்னும் சுவாரஸ்யம். கோயிலுக்குப் பக்கத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் ஒரு கடையில், பத்திரிகையின் முதல் வரியில் ‘ஸ்ரீ’ சேராமல் உடைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் மேல் புகார்? பழி விழுவது வழக்கமாக லிப்ரெஆபிஸ் மீது. ஆனால் ஒரு தமிழ் எழுத்து திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. விசைப்பலகை எண்களைத் தருகிறது. ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு அந்த எண்களைப் பார்த்து எந்த வடிவத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறது. வடிவங்களும் சேர்க்கை விதிகளும் எழுத்துருக் கோப்பில் இருக்கின்றன. கடைசியில்தான் லிப்ரெஆபிஸ் அதைப் பக்கத்தில் அடுக்குகிறது. பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாமே இந்த ஹார்ஃப்பஸைத்தான் நம்பியிருக்கின்றன; 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரெஆபிஸும் எல்லா இயங்குதளங்களிலும் அதற்கே மாறிவிட்டது.

ஆகவே, எழுதுமுன் இரண்டே சோதனை. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது: நோட்டோ சான்ஸ் தமிழில் சரியாக வந்து, பழைய எழுத்துருவில் மட்டும் உடைந்தால், சந்தேகம் எழுத்துரு மேல். 2005-க்கு முந்தைய எழுத்துருவில் ‘ஶ’வே இருக்காது, வெறும் கட்டமோ, வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கிய வடிவமோ வரும். அடுத்து, அதே எழுத்துருவை, அதே சொல்லை பயர்பாக்ஸில் பார்ப்பது: அங்கே சரியாக இருந்தால் சந்தேகம் லிப்ரெஆபிஸ் பக்கம் திரும்புகிறது, அங்கேயும் உடைந்தால் ஹார்ஃப்பஸோ எழுத்துருவோ. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் தவறான வீட்டுக் கதவைத் தட்டினால், அறிக்கை வீடு வீடாக மாற்றப்பட்டு மாதக்கணக்கில் அலையும்.

ஸ்கிரீன்ஷாட் இங்கே அவசியம். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு ‘உடைந்திருக்கிறது’ என்பது விளங்காது. சரியான வடிவத்தின் படமும் தவறான வடிவத்தின் படமும் அருகருகே வேண்டும். எழுத்தாக இருக்கும் பிழைச் செய்தியை மட்டும் படம் பிடித்து அனுப்பக் கூடாது. படத்துக்குள் இருக்கும் வரியைத் தேடவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது.

தொழில்நுட்பம் தெரியாதவர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு உபுண்டு லினக்ஸ் உலகில் ஒரு பிரபலமான சாட்சி உண்டு. 2009-இல் ஒருவர், ஓப்பன் ஆபிஸ் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிரிண்ட் செய்வதில்லை என்று தன் மனைவி குறைப்படுவதாகப் பதிந்தார். நம்ம ஊரில் சொல்லியிருந்தால் ‘செவ்வாய் ஆகாதுதானே’ என்று சிரித்திருப்பார்கள். அந்த அம்மாள் செய்தே காட்டிவிட்டார். அச்சுக்குப் போகும் கோப்பின் தலைப்பில் உருவான தேதி இருக்கும். செவ்வாய்க்கு ஆங்கிலத்தில் வரும் மூன்றெழுத்துச் சுருக்கத்தைக் கண்டதும், கோப்பின் வகையை ஊகிக்கும் ‘ஃபைல்’ என்ற சிறு நிரல் அதை எர்லாங் மொழிக் கோப்பு என்று தவறாக முத்திரை குத்தியது. அச்சு இயந்திரத்துக்குப் போக வேண்டியது வழியிலேயே நின்றது. தேதியிலிருந்து அந்த மூன்றெழுத்தை எடுத்துவிட்டால் அச்சாகிறது என்று சோதித்துச் சொன்னதால்தான் உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். பழி சுமந்த ஓப்பன் ஆபிஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த அம்மாள் காரணம் எதையும் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். அறிக்கை எழுதுபவர்கள் நேர்மாறாகச் செய்வதுண்டு: கண்டதை விட்டுவிட்டு, ‘மெமரி லீக் ஆகிறது’, ‘யூனிகோடு சப்போர்ட் இல்லை’ என்று தங்கள் ஊகத்தை மட்டும் எழுதுவார்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில், எஞ்சின் கெட்டுவிட்டது என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மெக்கானிக் எந்தப் போல்ட்டைக் கழற்றுவார்? ஊகத்தையும் எழுதலாம், தப்பில்லை. அது ஊகம் என்று சொல்லி, கடைசியில் எழுத வேண்டும்.

மரியாதையும் இதில் ஒரு நடைமுறை விஷயமே. மறுமுனையில் இருப்பவர் பல சமயம் சம்பளமில்லாமல், வேலை முடிந்த இரவில் இதைப் பார்ப்பவர். உலகத்து லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு நிரலை நெடுங்காலம் பராமரித்தவர் ஒரே ஒரு தன்னார்வலர். அவரது களைப்பைப் பயன்படுத்தி உதவியாளராக நுழைந்த மர்ம ஆசாமி ஒருவர், அதற்குள் ஒரு கள்ளவழியைப் புகுத்தினார். ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தது ஓர் அரை நொடியால்: தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அவ்வளவு கூடுதலாக நேரமானது. ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று விட்டுவிடாமல், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அளந்து எழுதினார். முதலில் டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும் பிற லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்கும் தனியாகச் சொல்லிவிட்டு, 2024 மார்ச் 29 அன்றுதான் பொதுவில் வெளியிட்டார். பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் இந்த வரிசைதான் முறை. பொதுப் பதிவேட்டில் முதலில் எழுதினால், சரிசெய்பவருக்கு முன்னால் திருடன் படித்துவிடுவான்.

சின்ன விஷயங்கள் சில. எழுதுமுன் அதே புகார் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் ‘எனக்கும்’ என்று வெறுமனே எழுதாமல், தன் பதிப்பு எண்ணையும் புதிய தகவலையும் சேர்க்க வேண்டும். ஓர் அறிக்கையில் ஒரு வழு. இணைக்கும் கோப்புகளில் வாசகர் பெயர், கைபேசி எண், ஆதார் எண் எதுவும் இருக்கக் கூடாது. நூலகக் கோப்பு என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, படிகள் வரிசையாக இருந்தால் போதும். பதில் கேள்வி வந்தால் விடை தர வேண்டும். கேள்விக்குப் பதிலில்லாமல் கிடக்கும் அறிக்கைகளைச் சில மாதங்களில் மூடிவிடுவது பல திட்டங்களில் வழக்கம்.

திருத்தம் ஏற்கப்பட்டதும், புகாரில் இருந்த சொல்லையே சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுவது நல்ல திட்டங்களின் பழக்கம். அதன் பிறகு ஒவ்வொரு முறை நிரல் மாறும்போதும், தமிழ் தெரியாத ஏதோ ஒரு கணினி ‘ஸ்ரீரங்கம்’ சரியாக வருகிறதா என்று தானாகவே பார்த்துக்கொள்ளும். ஆனால் திருத்தம் நூலகத்துக்கு வந்து சேர நாளாகும். மூல நிரலில் சரியாகி, அடுத்த பதிப்பில் வெளியாகி, கல்லூரியின் கணினிப் பொறுப்பாளர் அப்டேட் செய்யும்வரை அந்த மாணவிக்குப் பூஜ்யமே கிடைக்கும். அதுவரை நூலகர் செய்யக்கூடியது, அந்த நூலின் பதிவில் மாற்றுத் தலைப்பாக இன்னொரு வரிசையையும் தட்டச்சு செய்து வைப்பது. அந்த மாற்றுவழியையும் அறிக்கையின் கீழே ஒரு வரியாக எழுதிவிட்டால், இதே சிக்கலோடு வரும் வேறு ஊர் நூலகருக்கும் உதவும்.