விழுந்துகொண்டே மிதப்பவர்கள்

2025-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்பினார். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர் அவர்தான். அவர் அங்கே மிதப்பதை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அங்கே கிராவிட்டி இல்லையா?"

"இல்லைம்மா, அதனாலதான் மிதக்கிறார்" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்போ அந்த ஸ்டேஷன் ஏன் பூமியைச் சுத்துது? நேரா எங்கேயாவது போயிருக்கணுமே?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னதே தப்பு. நம்மில் பலர் குழந்தைகளுக்கு இதே தப்பைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது நிறை. அதைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிலவுக்குப் போனாலும் அவர் நிறை 60 கிலோதான். ஆனால் நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால், இங்கே பயன்படுத்தும் எடை மெஷினை அங்கே வைத்தால் அது சுமார் 10 கிலோதான் காட்டும்.

சரி, விண்வெளி நிலையத்தில்? அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் மையத்திலிருந்து தரைக்கே சுமார் 6,370 கிலோமீட்டர். அதோடு பார்த்தால் 400 என்பது பெரிய தூரமே இல்லை. அந்த உயரத்திலும் ஈர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் அந்த 60 கிலோ ஆளை நிறுத்தினால், மெஷின் சுமார் 53 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார்!

அப்படியானால் சுக்லா எப்படி மிதந்தார்? அவர் விழுந்துகொண்டிருந்தார். நிலையமும் அவரோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

நம் அடுக்குமாடி லிஃப்டை நினைத்துப் பாருங்கள். கீழே இறங்கத் தொடங்கும்போது ஒரு கணம் உடம்பு லேசானது போல இருக்கும். தரை நம் காலைத் தாங்குவதைத்தான் நாம் 'எடை' என்று உணர்கிறோம். தரையும் நம்மோடு சேர்ந்து விழுந்தால் தாங்க யார் இருக்கிறார்கள்?

விழுகிற நிலையம் தரையில் வந்து மோதாதது ஏன்? அது ஒரு நொடியில் சுமார் ஏழரை கிலோமீட்டர் முன்னால் ஓடுகிறது. அதே நொடியில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே விழுகிறது. ஆனால் பூமி உருண்டை. அவ்வளவு தூரம் போவதற்குள் தரையும் அதே அளவு வளைந்து கீழே போய்விடுகிறது. எனவே விழுந்துகொண்டே இருக்கிறது. தரை எட்டுவதே இல்லை. உயரமான மலையுச்சியில் பீரங்கி வைத்துப் போதுமான வேகத்தில் சுட்டால் குண்டு பூமியைச் சுற்றிவரும் என்று நியூட்டன் அன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கச் சுவரில் சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். மூடினால் தண்ணீர் தானாகவே நின்றுவிடும், சோதனை செல்லாது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது, கீழே ஒரு பக்கெட்டை வைத்து, பாட்டிலை உயரத்திலிருந்து விடுங்கள். விழும் நேரம் முழுக்கத் தண்ணீர் வெளியே வராது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால், தண்ணீர் பாட்டிலை அழுத்துவதில்லை.

பேத்தியும் நானும் மறுநாளே செய்தோம். குளியலறை முழுக்க ஈரம், பாட்டியிடம் திட்டு. ஆனால் மூன்றாவது தடவை அவள் கத்தினாள்: "தாத்தா, தண்ணி நின்னுடுச்சு!"

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கட்டும். வீட்டில் கேட்கும்போது தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியலை, சேர்ந்து பார்ப்போம் வா" என்று சொல்லுங்கள். நான் முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம்.